மச்சமும் மார்க்கரும்



பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று ஒரு வரி உண்டு. வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கைக்கு மேல் ஒரு மச்சம் என்று ஆசிரியர் பிள்ளையின் சட்டைக் கையை ஏற்றிவிட்டுப் பார்த்து எழுதுவார். அதன் பிறகு அந்த மச்சத்தை யாரும் நினைப்பதில்லை. நாற்பது ஐம்பது வயதில் அது தடித்தால், நிறம் மாறினால், உரசி ரத்தம் கசிந்தால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். தோல் மருத்துவர் வெட்டி எடுக்கிறார். ஃபார்மலின் புட்டியில் போட்ட அந்தச் சின்னத் துண்டு லேபுக்குப் போகிறது. சில நாளில் ரிப்போர்ட் வருகிறது.

அந்த ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு. எஸ்-100 பாசிட்டிவ், மெலன்-ஏ பாசிட்டிவ், ஹெச்.எம்.பி.-45 மேற்பகுதியில் மட்டும் பாசிட்டிவ், கி-67 இரண்டு சதவீதத்துக்கும் கீழே என்று வரிசையாக எழுதியிருக்கும். கடைசியில் ‘தீங்கற்ற மச்சம்’ என்ற முடிவு இருக்கும். வீட்டார் முடிவு வரைக்கும் போவதில்லை. ‘பாசிட்டிவ்’ என்ற சொல் கண்ணில் பட்டவுடனே கலங்கிவிடுகிறார்கள். புற்றுநோய்தான் பாசிட்டிவ் என்று எண்ணிக்கொண்டு அடுத்த ஊர் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஆபத்து இருக்கிறது. ஏதோ ஒரு மார்க்கர் நெகட்டிவ் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, பயப்பட வேண்டிய கட்டியைப் பயமில்லை என்று விட்டுவிடுவது. இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றே. மார்க்கர் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அது எந்தக் கேள்வி என்று தெரியாமல் பதிலை மட்டும் படித்தால் பிழை நேரும்.

மார்க்கர் என்ற பேச்சே இல்லாத காலத்திலிருந்து தொடங்கலாம். 1940-களில் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் சோஃபி ஸ்பிட்ஸ் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் வேலை பார்த்தார். நாஷ்வில்லில் 1910-ல் பிறந்தவர். உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் நோய்க்குறியியல் நிலையத்தில் வெப்பமண்டல நோய்களைப் பற்றிய பட விளக்க நூலில் பங்கெடுத்தவர். மெமோரியலில் அவர் மேசைக்குக் குழந்தைகளின் தோல் கட்டிகள் வந்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரிய பெரிய செல்கள், கோணலான உட்கருக்கள். எந்தப் பாடநூலைத் திறந்தாலும் மெலனோமா என்றுதான் சொல்லும். மெலனோமா என்றால் மச்ச செல்களில் வரும் புற்றுநோய். ஈரலுக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி ஆளைக் கொல்லக்கூடியது. ஆனால் அந்தக் குழந்தைகள் சாகவில்லை. பள்ளிக்குப் போனார்கள், வளர்ந்தார்கள்.

1948-ல் ஸ்பிட்ஸ் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பேத்தாலஜி’ இதழில் 13 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் இறந்தது ஒரே ஒரு குழந்தை. கட்டிக்குப் பெயர் மெலனோமா என்றே அவர் வைத்திருந்தார். ஆனால் இது நடந்துகொள்ளும் விதம் வேறு என்று துணிந்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதை மச்சங்களின் பட்டியலுக்கு மாற்றி, ஸ்பிட்ஸ் மச்சம் என்று அவர் பெயரையே வைத்தார்கள். 1956-ல், 46 வயதில், குடல் புற்றுநோயால் அவர் காலமானார். அவர் விட்டுப்போன கேள்வி மட்டும் அப்படியே நின்றது. பன்னிரண்டு குழந்தைகளையும் அந்த ஒரு குழந்தையையும் ஸ்லைடிலேயே பிரித்துச் சொல்வது எப்படி? இன்றைக்குப் புழக்கத்தில் உள்ள மார்க்கர்களில் பல இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மச்சங்களின் மேல் பரிசோதிக்கப்பட்டன.

மச்சம் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். தோலின் மேலடுக்கில் அடிவரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இடைவெளி விட்டு இருக்கும். மெலனின் நிறமியைத் தயாரித்து அக்கம்பக்கத்துச் செல்களுக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். நிறமித் துகள்களின் அளவும் அவை பரவியிருக்கும் முறையும்தான் வேறு. இந்தக் குடும்பத்துச் செல்கள் ஒரே இடத்தில் கூட்டமாகப் பெருகினால் மச்சம். சிறுவயதில் கூட்டம் மேலடுக்கின் விளிம்பிலேயே இருக்கும். அதனால் மச்சம் தட்டையாக, கருமையாகத் தெரியும். வயது ஏற ஏறச் செல்கள் கீழே உள்தோலுக்கு இறங்கும். இறங்கும்போது சிறுத்துப்போகும், நிறத்தைத் தயாரிப்பதை நிறுத்தும், பெருகுவதையும் நிறுத்தும். பாட்டியின் முகத்து மச்சம் நிறம் வெளுத்து மெத்தென்று புடைத்திருப்பது இதனால்தான்.

மேலிருந்து கீழே வரும்போது செல்கள் இப்படி அடங்கிப்போவதை மருத்துவர்கள் முதிர்ச்சி என்கிறார்கள். தீங்கற்ற மச்சத்துக்கு இதைவிடப் பழைய, இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை. எந்த விலையுயர்ந்த ஆன்டிபாடியும் இதற்குத் தேவையில்லை. நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கும் ஊதா-ரோஸ் சாயம் போதும். பின்னால் வந்த மார்க்கர்களில் பாதி இந்த முதிர்ச்சியை இன்னும் தெளிவாகக் காட்டும் கருவிகள்தான்.

மரபணுவைப் படித்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 2002-ல் மெலனோமாக்களில் பெரும்பங்கில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் ஒரு அதிர்ச்சி வந்தது: சாதாரண மச்சங்களில் 82 சதவீதத்தில் அதே மாற்றம் இருந்தது. உடம்பில் இருபது மச்சம் உள்ள ஒருவர் அவற்றில் பெரும்பாலானவற்றில் அந்த மாற்றத்தைச் சுமந்துகொண்டு எண்பது வயது வரை நலமாக வாழ்கிறார். அப்படியானால் மச்சத்தை மச்சமாகவே நிறுத்துவது எது? 2005-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் அதை விளக்கினார்கள். பிராஃப் மாற்றம் செல்லை வேகமாகப் பெருகச் சொல்கிறது. செல் கொஞ்சம் பெருகியதும் பி-16 போன்ற தடுப்புப் புரதங்கள் தலையெடுத்து, பெருக்கத்தை நிரந்தரமாக நிறுத்திவிடுகின்றன. ஒவ்வொரு மச்சமும் உடல் தானாகவே அடக்கி வைத்த ஒரு பெருக்கம். இதை எண்ணிப் பார்க்கும்போது உடம்பின் மீது மரியாதை கூடுகிறது.

அதனால் ரிப்போர்ட்டில் ‘பிராஃப் மாற்றம் உண்டு’ என்று ஒரு வரி இருந்தால், அதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவுகட்டக் கூடாது. மெலனோமா என்று உறுதியான பிறகு எந்த மருந்து கொடுப்பது என்று தீர்மானிக்க அந்த வரி மிகவும் உதவும். மச்சமா மெலனோமாவா என்று பிரிக்க உதவாது.

இப்போது லேபுக்குள் போகலாம். ஃபார்மலினில் ஊறிய சதையை மெழுகில் பதித்துக் கட்டியாக்குகிறார்கள். அதைத்தான் பிளாக் என்பது. அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவிக் கண்ணாடித் துண்டில் ஒட்டுகிறார்கள். அதன் மேல் குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றி, அது பிடித்த இடத்தில் நிறம் வரும்படி செய்கிறார்கள். ஆல்பர்ட் கூன்ஸ் 1941-ல் ஒளிரும் சாயத்தை ஆன்டிபாடியோடு இணைத்துக் காட்டினார். நகானேயும் பியர்ஸும் 1966-ல் ஒளிர்சாயத்துக்குப் பதில் நொதியை இணைத்தார்கள். சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே பார்க்க முடிந்தது. 1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டு, 1984-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று மாவட்டத் தலைநகரத்திலிருந்து அனுப்பும் ஒரு பிளாக்குக்கும் இந்தச் சோதனை கிடைப்பதற்கு அந்த மூன்று படிகளே காரணம்.

நிறம் என்றதும் இங்கே கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. இந்தச் சோதனையில் பெரும்பாலான லேபுகள் பயன்படுத்தும் சாயம் பழுப்பு. மெலனினும் பழுப்பு. நம் மக்களின் தோலில் மெலனின் நிறைய. மச்சத்தைச் சுற்றி நிறமியை விழுங்கிய துப்புரவுச் செல்களும் நிறைய. பழுப்பின் மேல் பழுப்பு விழும்போது, ஆன்டிபாடி பிடித்ததா, பிறவி நிறமா என்று அனுபவசாலியும் திணறுவார். பி-16, கி-67, பிரேம் போன்ற மார்க்கர்களில் உட்கரு நிறம் ஏறியதா என்பதே கேள்வி என்பதால் தடுமாற்றம் இன்னும் கூடும். இதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. சிவப்பு நிறம் தரும் சாயத்தைப் பயன்படுத்தலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு மெலனினை வெளுக்க வைத்துவிட்டுச் சோதனை செய்யலாம். பின்னணிக்கு ஜிம்சா சாயம் கொடுத்தால் மெலனின் பச்சையாக மாறிவிடும். பழுப்பு எல்லாம் ஆன்டிபாடிதான் என்று தெளிவாகும். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய செய்முறைக் குறிப்பை அப்படியே பின்பற்றும் லேபுக்கு இது நினைவிருக்காது. கறுத்த தோலைப் பார்க்கும் ஒவ்வொரு லேபிலும் சிவப்புச் சாயம் கட்டாயமாக இருக்க வேண்டும்.

இனி மார்க்கர்கள். முதல் கூட்டம் எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ. இவை கேட்கும் கேள்வி ஒன்றே: இந்தச் செல் மெலனோசைட் குடும்பத்தைச் சேர்ந்ததா? குடும்ப அட்டை ஒருவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லும். நடத்தையைப் பற்றி எதுவும் சொல்லாது. இவையும் அப்படித்தான். மச்சத்திலும் பாசிட்டிவ், மெலனோமாவிலும் பாசிட்டிவ். வீட்டாரைக் கலங்க வைக்கிற அந்த ‘எஸ்-100 பாசிட்டிவ்’ என்ற வரிக்கு, இது மெலனோசைட் வகைக் கட்டியாக இருக்கலாம் என்பதற்கு மேல் பொருள் இல்லை. அதிலும் எஸ்-100 நரம்பு உறைகளிலும் கொழுப்புச் செல்களிலும் கூட இருக்கும். சாக்ஸ்-10 அதைவிடக் குறுகியது, உட்கருவில் தெளிவாகத் தெரியும்.

1994-ல் பிரஸ்ஸல்ஸிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட மெலன்-ஏ மிகவும் நல்ல மார்க்கர்தான். ஆனால் அழற்சியால் தோலின் அடிவரிசை சிதையும் நோய்களில் அது ஏமாற்றும். லைக்கன் பிளானஸ் பிக்மென்டோசஸ் என்று முகத்திலும் கழுத்திலும் சாம்பல் பூத்த மாதிரி கறுப்பு படரும் நோய் இந்தியாவில் சாதாரணமாகக் காணப்படுவது. அப்படிப்பட்ட தோலில் சிதைந்த செல்களின் மிச்சத்தில் மெலன்-ஏ ஒட்டிக்கொண்டு, மெலனோசைட்டுகள் கூடு கட்டியிருப்பது போலத் தோற்றம் தரும். இல்லாத கூட்டை இருப்பதாக எண்ணி மெலனோமா என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே சாக்ஸ்-10 போட்டுப் பார்த்தால் பொய்க்கூடு கலைந்துவிடும்.

ஹெச்.எம்.பி.-45 சங்கதி வேறு. 1986-ல் அறிமுகமான இந்த ஆன்டிபாடி, நிறமித் துகள் உருவாகும் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் புரதத்தைப் பிடிக்கும். நிறம் தயாரிக்கும் வேலை நடக்கிற இடத்தில் பாசிட்டிவ். நின்ற இடத்தில் நெகட்டிவ். சாதாரண மச்சத்தில் மேற்பகுதி பாசிட்டிவாக இருந்து, கீழே வர வர மங்கி மறைந்துவிட வேண்டும். ‘மேற்பகுதியில் மட்டும் பாசிட்டிவ்’ என்ற வரி மகிழ்ச்சி தர வேண்டிய வரி. ஆழம் வரைக்கும் திட்டுத்திட்டாகப் பாசிட்டிவ் என்றால்தான் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

அப்படி உட்காருபவரைத் திகைக்க வைக்க ஒரு மச்சம் இருக்கிறது. நீல மச்சம். பெர்ன் நகரில் தோல் மருத்துவர் யாடஸோனிடம் பயின்ற மாக்ஸ் டீச்சே 1906-ல் இதை விவரித்தார். இதில் மெலனின் உள்தோலின் ஆழத்தில் கிடக்கும். நீளமான அலைகளை அது விழுங்கிவிட, குறுகிய நீல அலைகள் சிதறி வெளியே வருவதால் கண்ணுக்கு நீலமாகத் தெரியும். தீங்கற்றது. ஆனாலும் ஹெச்.எம்.பி.-45 மேலிருந்து அடி வரை ஒரே சீராகப் பாசிட்டிவ். மற்ற மச்சத்தின் விதியை இதன் மேல் சுமத்தினால் ஒன்றும் இல்லாதவரைப் புற்றுநோயாளி ஆக்கிவிடுவோம். இதன் மரபணுவும் தனி வழி: 2009-ல் வெளியான ஆய்வில் நீல மச்சங்களில் 83 சதவீதத்தில் ஜி.என்.ஏ.க்யூ. என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. ஒரு மார்க்கருக்கு எல்லா மச்சத்துக்கும் பொதுவான பொருள் கிடையாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இல்லை.

கி-67 பெருகிக்கொண்டிருக்கும் செல்களை எண்ணும் மார்க்கர். 1983-ல் ஜெர்மனியின் கீல் நகரில் உருவானது. தீங்கற்ற மச்சத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு செல்கள்தான் பாசிட்டிவாக இருக்கும், அதுவும் மேற்பகுதியில். எண்ணிக்கை என்பதால் எல்லோரும் இதை நம்பிவிடுகிறார்கள். எண்ணுவதில்தான் சிக்கல். மச்சத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழும் ஒரு வகை உண்டு. ரிச்சர்ட் சட்டன் 1916-ல் விவரித்தது, பிள்ளைகளின் முதுகில் அடிக்கடி பார்ப்பது. உடலின் எதிர்ப்புச் செல்கள் திரண்டு வந்து அந்த மச்சத்தை அழித்துக்கொண்டிருக்கும். அந்த எதிர்ப்புச் செல்களும் கி-67 பாசிட்டிவ்தான். அவற்றையும் சேர்த்து எண்ணினால் எண்ணிக்கை எகிறிவிடும். கர்ப்பகாலத்து மச்சத்திலும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். கர்ப்பம் என்ற தகவல் விண்ணப்பத்தில் இல்லாவிட்டால் லேபில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

பி-16 ஏற்கெனவே சொன்ன தடுப்புப் புரதம். மச்சத்தில் இது சில செல்களில் இருந்தும் சில செல்களில் இல்லாமலும் கலந்து தெரியும். அது இயல்பு. ஒரு பகுதி முழுவதிலும் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போயிருந்தால்தான் அந்த மரபணுவே அழிந்துவிட்டதோ என்ற சந்தேகம் வர வேண்டும். ஸ்பிட்ஸ் மச்சத்தில் பெரும்பாலும் பி-16 நின்றிருக்கும். ஹிடேகோ கமினோ 1979-ல் எழுதிய, மேலடுக்கில் ரோஸ் நிறத்தில் திரண்டிருக்கும் உருண்டைகளும் கிடைத்தால் மருத்துவருக்கு மனம் தெளியும். 2014-ல் இந்த வகைக் கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் ஏ.எல்.கே., ராஸ்-1 போன்ற மரபணுக்கள் உடைந்து வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருப்பது தெரியவந்தது. ஏ.எல்.கே.க்கு ஆன்டிபாடி இருப்பதால் லேபிலேயே பார்த்துவிடலாம். ஆனால் அந்த ஒட்டுகள் தீங்கற்றதிலும் இருந்தன, நடுத்தரத்திலும் இருந்தன, புற்றாகிவிட்டதிலும் இருந்தன. ஏ.எல்.கே. பாசிட்டிவ் என்றால் இது ஸ்பிட்ஸ் வகையைச் சேர்ந்தது என்று சொல்லலாம். நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. 1948-ன் கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

பிரேம் என்ற மார்க்கர் வந்தபோது பலரும் பெருமூச்சு விட்டார்கள். 1997-ல் மெலனோமா நோயாளி ஒருவரின் எதிர்ப்புச் செல்கள் வழியாகக் கண்டறிந்த புரதம் அது. 2018-ல் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தார், சோஃபி ஸ்பிட்ஸ் பணியாற்றிய அதே நிறுவனத்தார், மச்சங்களையும் மெலனோமாக்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தார்கள். மெலனோமாக்களில் பெரும்பான்மையில் பிரேம் பரவலாகப் பாசிட்டிவ்; மச்சங்களில் 86 சதவீதத்தில் ஒரு செல் கூட நிறமேறவில்லை. மிகப் பெரிய முன்னேற்றம். அதற்காக விசாரிக்காமல் நம்பிவிடலாகாது. நார்த்திசு மிகுந்து வடு போலவே தோன்றும் ஒரு வகை மெலனோமாவில் பிரேம் பெரும்பாலும் நெகட்டிவ். வெயிலில் காய்ந்த சாதாரண கரும்புள்ளியில் அங்கொன்று இங்கொன்றாகப் பாசிட்டிவ். ஸ்பிட்ஸ் மச்சத்திலும் சிலது பாசிட்டிவாக வந்திருக்கிறது. முக்கால் பங்குக்கு மேல் செல்கள் நிறமேறினால்தான் பரவலான பாசிட்டிவ் என்று கணக்கிட வேண்டும் என்ற வரையறையையும் மறந்துவிடக் கூடாது.

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2017-ல் ‘பி.எம்.ஜே.’ இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஜோன் எல்மோர் தலைமையில் அமெரிக்காவின் 10 மாநிலங்களைச் சேர்ந்த 187 நோய்க்குறியியல் மருத்துவர்களிடம் 240 தோல் மாதிரிகளைப் பகிர்ந்து கொடுத்தார்கள். நிபுணர் குழுவின் முடிவோடு அவர்கள் முடிவை ஒப்பிட்டார்கள். சாதாரண மச்சங்களில் 92 சதவீதம் ஒத்துப்போனது. ஆழமாகப் பரவிய மெலனோமாவில் 72. நடுவிலே இருந்த மூன்று படிகளில் 25, 40, 43. அந்த ஆய்வில் ஊதா-ரோஸ் சாயமிட்ட ஒரே ஒரு ஸ்லைடு மட்டும் கொடுக்கப்பட்டது, மார்க்கர்கள் இல்லை. ஆகவே அந்த மருத்துவர்களைக் குறைசொல்ல இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஸ்லைடு மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு கேட்பது எவ்வளவு கடினமான கோரிக்கை என்பதற்குத்தான் இது சாட்சி.

நம் தோலுக்கு நெருக்கமான இடம் உள்ளங்காலும் உள்ளங்கையும் நகமும். கறுத்த தோலில் மெலனோமா அரிது. வந்தால் அதிகமும் இந்த இடங்களில்தான் வருகிறது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரலில் கண்டது இதுதான். பந்து விளையாடி அடிபட்டது என்றே முதலில் எண்ணினார்கள். 1981 மே 11-ல், 36 வயதில் இறந்தார். வெறுங்காலோடு வயலில் நடக்கிறவருக்கு முள் குத்தி ஆறாத புண் என்று காலில் ஒன்று கறுத்துக் கிடந்தால் மாதக்கணக்கில் பொருட்படுத்துவதில்லை.

இந்த இடத்தின் தீங்கற்ற மச்சமே ஒரு பரீட்சை. வேறு இடத்து மச்சத்தில் செல்கள் மேலடுக்கின் உச்சிக்கு ஏறினால் அது மெலனோமாவின் அடையாளம். உள்ளங்கால் மச்சத்தில் அப்படி ஏறுவது இயல்பாகவே நடக்கும். அதோடு, பாதத்து ரேகைகளுக்குக் குறுக்காக வெட்டினால் கூடுகள் ஒழுங்காகத் தெரியும் மச்சம், ரேகையோடு நீளமாக வெட்டினால் எல்லையில்லாமல் சிதறிக் கிடப்பதாகத் தோன்றும். கத்தி போன திசை தெரியாமல் மார்க்கரைப் படித்து என்ன பயன்?

வெட்டுவதற்கு முன்பே ஒரு நல்ல அடையாளம் உண்டு. தோலில் வைத்துப் பார்க்கும் டெர்மோஸ்கோப் என்ற விளக்குப் பூதக்கண்ணாடியில், நிறம் ரேகைப் பள்ளங்களில் மெல்லிய கோடாக ஓடினால் பெரும்பாலும் மச்சம்; மேடுகளில் பட்டையாக ஓடினால் மெலனோமா. மேடு எது பள்ளம் எது என்று குழம்பினால், வேர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசையிட்டிருக்கும் இடமே மேடு. ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழகத்துத் தோஷியாகி சைடாவும் அவர் குழுவினரும் 2004-ல் தந்த கணக்கின்படி மேட்டு நிறம் மெலனோமாவில் 86 சதவீதத்தில் தெரிந்தது. மெலனோமா அல்லாதவற்றில் 99 சதவீதத்தில் தெரியவில்லை. இதிலும் ஒரு எச்சரிக்கை: கறுத்த பாதங்களில் மேடுகள் இயல்பாகவே கறுத்திருப்பது உண்டு. இரண்டு பாதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

கடைசியாக, நம் ஊர்களில் பரவலாக நடக்கும் ஒன்றைப் பற்றி. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்து மச்சத்தை எரிக்கிறார்கள். அழகு நிலையத்தில் சுட்டுவிடுகிறார்கள், லேசரில் கருக்குகிறார்கள். எரிந்தது போக அடியில் மிஞ்சிய செல்கள் ஆறு மாதத்துக்குள் வடுவின் மேலே கோணல்மாணலாகத் திரும்பவும் கறுக்கும். அதை வெட்டி அனுப்பினால் மைக்ராஸ்கோப்பில் மெலனோமா போலவே இருக்கும். கோர்ன்பெர்க்கும் அக்கர்மனும் 1975-ல் இதற்குப் போலி மெலனோமா என்றே பெயர் வைத்தார்கள். வடுவுக்கு மேலே குழப்பம், வடுவுக்குக் கீழே அமைதியான பழைய மச்சம். இதைக் கண்டால் விடை கிடைக்கும். ஆனால் முன்பு எரித்த சேதி லேபுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ‘ஆறு மாதத்துக்கு முன் லேசர் செய்தது’ என்ற ஒரு வரி இங்கே எந்த ஆன்டிபாடியையும்விடப் பெரிய மார்க்கர். எரித்துப் போனது உண்மையில் மெலனோமாவாகவே இருந்திருந்தால், அது என்னவென்று சொல்லச் சதையே மிச்சமில்லை என்பது இன்னும் பெரிய துயரம்.

இங்கே வந்திருக்கும் மருத்துவர்களிடம் கேட்பது இது. பயாப்சி விண்ணப்பத்தில் ‘கரும்புள்ளி, பரிசோதிக்கவும்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். வயது, உடலில் எந்த இடம், எத்தனை நாளாக, மாறியது எப்போது, முன்பு எரித்தார்களா, கர்ப்பமா, இவ்வளவும் எழுத ஒரு நிமிடம் போதும். முடிந்த வரை மச்சத்தை முழுதாக எடுத்து அனுப்புங்கள். ஓரத்தில் கிள்ளிய துண்டில் முதிர்ச்சியைப் பார்க்க முடியாது. வெட்டும் முன் செல்போனில் எடுத்த ஒரு படத்தைச் சேர்த்தால் இன்னும் நல்லது.

மற்றவர்களுக்கு: மாறிவரும் மச்சத்தை எரிக்காதீர்கள், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். குளிக்கும்போது உள்ளங்காலையும் நகங்களையும் ஒருமுறை பாருங்கள். ரிப்போர்ட் வந்தால் மார்க்கர் வரிகளைத் தனித்தனியே இணையத்தில் தேடிப் பயப்படாமல், கடைசி முடிவைப் படித்து மருத்துவரிடம் கேளுங்கள். பிளாக்கும் ஸ்லைடும் லேபில் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் அவற்றை வாங்கிக்கொண்டு இரண்டாவது கருத்துக்கு எடுத்துச் செல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.